இஸ்லாமிய மரபில் ‘ஸலாம்’ எனும் முகமன்: பாதுகாப்பு உறுதி என்னும் நோக்கில் ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்னும் இஸ்லாமிய முகமன் பெரும்பாலும் அமைதி வேண்டும் நல்வாழ்த்தாகவே விளக்கப்பட்டு வருகிறது. ஏழாம் நூற்றாண்டு அரேபியச் சூழலில் அது வாழ்த்து என்பதைவிட, எதிர்ப்படுபவரின் உயிருக்கும் உடைமைக்கும் தன்னால் தீங்கு நேராது என்று ஒருவர் வழங்கிய உறுதிமொழியாகவே இயங்கியது. பாறைப் பொறிப்புகள், திருக்குர்ஆன், நபிமொழித் தொகுப்புகள், எகிப்தியப் பாப்பிரஸ் மடல்கள் ஆகியவற்றைக் கொண்டு இக்கருத்தை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஸலாம், முகமன், பாதுகாப்பு உறுதி, நபிமொழி, பாப்பிரஸ் மடல்கள், தஸ்லீம்.

முன்னுரை

தமிழில் இம்முகமனை ‘உங்கள் மீது சாந்தி உண்டாவதாக’ என்று பெயர்ப்பது நெடுநாள் வழக்கம். ‘சாந்தி’ என்னும் சொல் தமிழ் வாசகர் உள்ளத்தில் மன அடக்கத்தையும் சினம் தணிந்த நிலையையும் எழுப்புகிறது. அரபு மொழியின் ‘ஸீன் – லாம் – மீம்’ என்னும் வேர் சுட்டும் முதற்பொருள் அதுவன்று. குறைவுபடாதிருத்தல், தீங்கிலிருந்து தப்பியிருத்தல் என்பனவே அவ்வேரின் அடிப்படைப் பொருள்கள். ‘ஸலிம’ என்னும் வினை ஒருவன் ஊறின்றி மீண்டதைக் குறிக்கும். எவருடைய நாவிலிருந்தும் கையிலிருந்தும் பிற முஸ்லிம்கள் ஊறின்றித் தப்புகிறார்களோ அவரே முஸ்லிம் என்னும் கருத்தமைந்த நபிமொழியிலும் இவ்வினையே ஆளப்பட்டுள்ளது. எபிரேயத்தின் ‘ஷாலோம்’, சிரியாக்கின் ‘ஷ்லாமா’ ஆகியவை இச்சொல்லின் உறவுச் சொற்கள். அவ்விரு மொழியினரும் அவற்றை முகமனாகவே வழங்கினர். எனவே, சொல்லைப் புதிதாகப் படைத்தது இஸ்லாத்தின் பங்களிப்பு ஆகாது. அச்சொல்லைக் கூறுவோரும் கேட்போரும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்னும் நிலையை உருவாக்கியதே அதன் பங்களிப்பாகும்.

பாலைநிலத்தில் ‘ஸலாம்’

தெற்குச் சிரியா, வடகிழக்கு யோர்தான், வடக்குச் சவூதி அரேபியா ஆகிய பகுதிகளில் பரந்துள்ள கருங்கற் பாலையில் பல்லாயிரக்கணக்கான பாறைப் பொறிப்புகள் காணப்படுகின்றன. ஸஃபாயிட்டிக் என வழங்கப்பெறும் எழுத்தில் அமைந்த இவை பெரும்பாலும் கிறித்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. இவற்றைப் பொறித்தோர் அரசரோ புலவரோ அல்லர். ஆடும் ஒட்டகமும் மேய்த்துத் திரிந்த நாடோடிகள். தம் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர் என மரபை வரிசைப்படுத்திய பின், மேய்ச்சலுக்கு வந்தது, பகைவரை எதிர்நோக்கிக் காவலிருந்தது, இறந்த உறவினருக்காக வருந்தியது முதலிய செய்திகளைச் சுருங்கச் சொல்கின்றனர். பல பொறிப்புகளின் இறுதியில் ‘லாத்’ முதலிய தெய்வங்களை விளித்து ஒரு வேண்டுதல் அமைகிறது. அதில் வேண்டப்படுவது ‘ஸ்-ல்-ம்’. ஆய்வாளர் இச்சொல்லைப் ‘பாதுகாப்பு’ என்றே பெயர்க்கின்றனர். பகைவர் எப்பக்கமிருந்து வருவார் எனத் தெரியாத வெளியில் தனித்து நின்ற ஒருவன் கேட்கக்கூடியதும் அதுதான்.

சினாய்த் தீபகற்பத்திலும் வடமேற்கு அரேபியாவிலும் காணப்படும் நபத்தேயர் பொறிப்புகளில் ஆளின் பெயருக்கு முன்னரே ‘ஷ்-ல்-ம்’ என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வழியே பின்னர் வருவோருக்குப் பெயரும் நலவாழ்த்தும் ஒருங்கே விட்டுச் செல்லப்பட்டன.

மக்காவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நாள்தோறும் வழங்கிய முகமன் இதுவன்று. ‘உன் காலைப்பொழுது இனிதாகுக’ என்னும் பொருள்தரும் தொடரே அங்குப் பரவலாக வழங்கியது. இஸ்லாத்திற்கு முன் தாம் இவ்வாறே கூறி வந்ததாகவும் பின்னர் அது தடுக்கப்பட்டதாகவும் நபித்தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் கூறிய செய்தியை அபூதாவூத் (இறப்பு 889) தம் தொகுப்பில் பதிந்துள்ளார். காலையை வாழ்த்துவதில் தடுக்கத்தக்க குற்றம் யாதென்ற வினா இங்கு எழுகிறது. அதற்கான விடை, பத்ருப் போரை (624) அடுத்து நிகழ்ந்ததாக இப்னு ஹிஷாம் கூறும் ஒரு நிகழ்ச்சியில் கிடைக்கிறது. குறைஷியரான உமைர் இப்னு வஹ்பின் மகன் அப்போரில் சிறைப்பட்டிருந்தான். மகனை மீட்க வந்ததாகக் காட்டிக்கொண்டு நபிகள் நாயகத்தைக் கொல்வதென உமைரும் ஸஃப்வான் இப்னு உமையாவும் மக்காவில் கமுக்கமாக உடன்பட்டனர். நஞ்சு தோய்ந்த வாளுடன் மதீனா வந்த உமைர், நபிகளாரின் முன் நின்று கூறியது அந்தப் பழைய காலை வாழ்த்தையே. அதனினும் சிறந்த முகமனாகிய ஸலாத்தை, சொர்க்கவாசிகளின் முகமனை, இறைவன் தமக்கு அளித்துள்ளதாக நபிகளார் விடையிறுத்தார். இடுப்பில் வாளுடன் வந்த ஒருவரால் காலைப்பொழுதை வாழ்த்த முடிந்தது; அவ்வாழ்த்து அவரை எதற்கும் கட்டுப்படுத்தவில்லை. ஸலாத்தை அவர் கூறியிருப்பின் அது வெளிப்படையான பொய்யாகியிருக்கும். இரு முகமன்களுக்கும் இடையிலான வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இல்லை எனலாம்.

மதீனாவும் ஸலாத்தைப் பரப்புதலும்

கி.பி. 622-இல் நபிகளார் மதீனாவை அடைந்தபோது கேட்ட முதற்சொற்களை, யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நினைவுகூர்ந்துள்ளார். ஸலாத்தைப் பரப்புதல், உணவளித்தல், உறவைப் பேணுதல், பிறர் உறங்கும் இரவில் தொழுதல் என்பனவே அவை. வரிசையில் ஸலாம் முதலில் நிற்பது தற்செயல் அன்று. அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு குலத்தாரும் ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு முன்னர்தான் புஆஸ் என்னுமிடத்தில் தம்முள் பொருது பெரும் உயிரிழப்பைக் கண்டிருந்தனர். தெருவில் எதிர்ப்படுபவன் எக்குலத்தான் என்று பார்த்து நடந்த ஊரில், அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் கூறுக என்பது அறிவுரையாக மட்டும் இருந்திருக்க இயலாது.

யார் முந்திக் கூறுவது என்பதற்கும் முறை வகுக்கப்பட்டது. ஊர்தியில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும், சிறு குழுவினர் பெருங்குழுவினருக்கும் முந்திக் கூற வேண்டும் என்பது புகாரி (இறப்பு 870) தொகுப்பில் உள்ளது. இளையவர் மூத்தவருக்கு என்பதும் அதில் அடங்கும். இளையவர் மூத்தவரை வணங்கும் மரபு எங்கும் உள்ளதே. ஊர்தியில் செல்பவரைப் பற்றிய விதிதான் கவனத்திற்குரியது. இதற்கு முன்னைய அறிஞர் கூறிய காரணங்களை இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (இறப்பு 1449) தம் உரையில் தொகுத்துள்ளார். ஊர்தியின் மீதிருப்பவர் அதனால் செருக்குறாதிருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவருக்கு வாய்த்த மேனிலைக்கு ஈடாக, முந்தி முகமன் பெறும் உரிமை நடப்பவருக்கு அளிக்கப்பட்டது என்பது மற்றொன்று. பாலை வழியில் குதிரையில் வருபவனைக் கண்டு நடப்பவன் அஞ்சுவான். நடப்பவனைக் கண்டு குதிரைவீரன் அஞ்சுவதில்லை. அச்சத்தை விளைவிக்கக் கூடியவரே அதை நீக்கும் சொல்லை முதலில் கூறக் கடமைப்பட்டவர் என்று இவ்விதியைப் பொருள்கொள்வது பொருந்தும்.

வீட்டு வாயிலுக்கும் இதே முறைதான். பிறர் இல்லத்தில் இசைவு பெற்று, அங்குள்ளோருக்கு ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் எனக் குர்ஆன் (24:27) விதிக்கிறது. இதன்படி மும்முறை இசைவு கேட்டும் விடை வராததால் அபூமூஸா அல்அஷ்அரீ கலீஃபா உமரின் வாயிலிலிருந்தே திரும்பிச் சென்றார். அவ்வாறு ஒரு நபிமொழி உண்டு என்பதற்கு உமர் சாட்சி கேட்க, அபூஸயீத் அல்குத்ரீ சாட்சி கூறினார். தொழுகையின் நிறைவில் வலமும் இடமும் திரும்பி ஸலாம் கூறுவதும் (தமிழ் முஸ்லிம்கள் இதனை ‘ஸலாம் கொடுத்தல்’ என்பர்), அடக்கத்தலங்களைக் கடக்கையில் இறந்தோரை விளித்து ஸலாம் கூறுவதும் தனியே விரிவாக ஆராயத்தக்கவை.

முந்திக் கூறுதல் நபிவழி, விடை கூறுதல் கட்டாயக் கடமை என்பதே சட்ட அறிஞரின் பொதுக்கருத்து. கூறப்பட்ட முகமனை அதனினும் சிறப்பாகவோ, குறைந்தது அதே அளவிலோ திருப்பிக் கூறுமாறு பணிக்கும் 4:86-ஆம் வசனம் இதற்கு அடிப்படை. ஆகவே விடை மறுத்தல் கடுந்தண்டனையாக முடிந்தது. தபூக் படையெடுப்பில் (630) தக்க காரணமின்றிக் கலந்துகொள்ளாத கஅப் இப்னு மாலிக் முதலிய மூவரோடு எவரும் உரையாடக் கூடாது என ஆணையிடப்பட்டது. ஐம்பது நாள் நீடித்த அந்த ஒதுக்கத்தைக் கஅப் பின்னாளில் விரிவாக எடுத்துரைத்துள்ளார். தொழுகைக்குப்பின் நபிகளாரின் அவையை அடைந்து ஸலாம் கூறிவிட்டு, விடை கூறும் முகமாக அவர்தம் இதழ்கள் அசைந்தனவா இல்லையா எனத் தமக்குள் வினவிக்கொண்டதாகச் சொல்கிறார். தம் நெருங்கிய உறவினரான அபூகதாதாவின் தோட்டச் சுவரேறி உள்ளே சென்று ஸலாம் கூறியும் விடை கிட்டவில்லை. அவரை யாரும் அடிக்கவில்லை, சிறையிடவில்லை. ஒரு சொல்லுக்கு மறுசொல் வராமையே அவருக்கு உலகைச் சுருக்கிவிட்டது. அந்நபர்களின் மன்னிப்புப் பற்றிய வசனம் (9:118) அருளப்பட்ட பின்னரே அவ்வொதுக்கம் நீங்கியது.

உயிரைக் காக்க வேண்டிய சொல்

ஸலாத்தின் பொருளை ஐயத்திற்கிடமின்றிக் காட்டும் சான்று குர்ஆனின் 4:94-ஆம் வசனமாகும். போருக்குச் செல்வோர் தெளிவாக விசாரித்தறிய வேண்டும். ஸலாம் கூறுபவரை நோக்கி ‘நீ நம்பிக்கையாளன் அல்லன்’ என்று கூறி, அவரது உடைமையை நாடக் கூடாது என்பது அதன் கருத்து. நம்பிக்கை கொண்டோரும் முன்னர் அத்தகைய நிலையிலேயே இருந்தனர் என்பதையும் அவ்வசனம் நினைவூட்டுகிறது.

இவ்வசனத்தின் பின்னணியாகப் பல செய்திகள் கூறப்படுகின்றன. இப்னு அப்பாஸ் வழியாகப் புகாரி பதிந்துள்ள செய்தி மிகச் சுருக்கமானது: சிறு ஆட்டு மந்தையுடன் இருந்த ஒருவர் முஸ்லிம் படையினரைக் கண்டு ஸலாம் கூறினார், அவர்கள் அவரைக் கொன்று மந்தையைக் கைப்பற்றினர். இப்னு ஹிஷாம் தரும் செய்தியில் பெயர்கள் உள்ளன. மக்கா வெற்றிக்குச் (630) சற்று முன்னர் இளம் என்னும் பள்ளத்தாக்கை நோக்கிச் சென்ற சிறுபடையை, அஷ்ஜஅ குலத்தைச் சார்ந்த ஆமிர் இப்னு அல்அள்பத் தம் ஒட்டகத்தில் கடந்து சென்றார். அவர் இஸ்லாமிய முறையில் முகமன் கூறவே, படையினர் கை வைக்கவில்லை. ஆனால், முன்பகை கொண்டிருந்த முஹல்லிம் இப்னு ஜஸ்ஸாமா அவரைக் கொன்று ஒட்டகத்தையும் பொருளையும் எடுத்துக்கொண்டார்.

இந்நிகழ்ச்சி அத்துடன் முடியவில்லை என்பதே வரலாற்று நோக்கில் முதன்மையானது. ஹுனைன் போருக்குப்பின் ஆமிரின் சார்பில் உயைனா இப்னு ஹிஸ்னும் முஹல்லிமின் சார்பில் அல்அக்ரஉ இப்னு ஹாபிஸும் நபிகளார் முன்னிலையில் வாதாடினர். உயைனா பழிக்குப்பழியே வேண்டினார். முடிவில், பயணத்தின்போது 50 ஒட்டகங்களும் மதீனா திரும்பியபின் 50 ஒட்டகங்களும் உயிரீட்டுத் தொகையாகப் பெற்றுக்கொள்ள அவரது தரப்பினர் இசைந்தனர். முஹல்லிமுக்காக மன்னிப்பு வேண்ட நபிகளார் உடன்படவில்லை. நூறு ஒட்டகம் என்பது முழு உயிர் ஒன்றிற்கான ஈடு. முகமன் கூறியவரின் நம்பிக்கை உண்மையானதா, அச்சத்தால் எழுந்ததா என்னும் ஆராய்ச்சி அங்கு எடுபடவில்லை. சொல் கூறப்பட்டது, கூறியவர் காக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் கொல்லப்பட்டதால் ஈடு தரப்பட்டது.

இவ்வசனத்தின் ஓதல் வேறுபாடும் கருதத்தக்கது. தொடக்ககால எழுத்து முறையில் இச்சொல் ‘அலிஃப்’ எழுத்தின்றி எழுதப்பட்டமையால் இருவகையாக ஓத இடமுண்டு. நாஃபிஉ, இப்னு ஆமிர், ஹம்ஸா ஆகிய ஓதல் ஆசிரியர்கள் ‘அஸ்ஸலம’ (பணிதல், அடைக்கலமாதல்) எனவும், ஏனையோர் ‘அஸ்ஸலாம’ (முகமன்) எனவும் ஓதினர். இவற்றுள் எது முதலில் தோன்றியது என்னும் வாதத்தில் இறங்குவதால் பெரும்பயன் விளையாது. போர்க்களத்தில் நின்ற ஒருவன் ஸலாம் கூறுவதும் அடைக்கலம் வேண்டுவதும் ஒரே செயலாகவே கேட்போர் செவியில் விழுந்தன என்பதையே இரு ஓதல்களும் ஒருங்கே காட்டுகின்றன.

சமய எல்லைக்கு அப்பால்

ஸலாம் பாதுகாப்பு உறுதி என்பதை ஏற்றுக்கொண்டால், பிற சமயத்தாருக்கு அதனைக் கூறுதல் பற்றிய முரண்பட்ட செய்திகள் ஓரளவு விளக்கம் பெறுகின்றன. யூதருக்கும் கிறித்தவருக்கும் முந்தி ஸலாம் கூற வேண்டாம் என்னும் நபிமொழி முஸ்லிம் (இறப்பு 875) தொகுப்பில் உள்ளது. முஸ்லிம்களும் பல தெய்வ வணக்கத்தாரும் யூதரும் கலந்திருந்த ஓர் அவைக்கு நபிகளார் ஸலாம் கூறியதை உஸாமா இப்னு ஸைத் வழியாகப் புகாரி பதிந்துள்ளார். யூதர் சிலர் சொல்லைத் திரித்து ‘அஸ்ஸாமு அலைக்கும்’, அதாவது ‘உங்கள் மீது மரணம்’, எனக் கூறியபோது ஆயிஷா சினந்து மறுமொழி கூறினார். இறைவன் மென்மையை விரும்புகிறான் எனக் கூறி நபிகளார் அவரைத் தடுத்தார். ஓரெழுத்தை விழுங்கினால் உறுதிமொழி கொலைமிரட்டலாகிவிடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

முந்திக் கூறுவதைத் தடுக்கும் செய்தி, குறைளா குலத்தாரை எதிர்த்துப் படை சென்ற வேளைக்கு மட்டும் உரியதா, எக்காலத்திற்கும் உரியதா என்னும் வினாவை இப்னுல் கய்யிம் (இறப்பு 1350) எழுப்பி, அறிஞரிடையே நிலவிய கருத்து வேறுபாட்டையும் குறிப்பிட்டுள்ளார். பொதுத்தடை என்பதே பெரும்பான்மையோர் கொள்கை. எனினும், பொருதச் செல்லும் படை எதிர்த்தரப்பிற்குப் பாதுகாப்பு உறுதி அளிக்க இயலாது என்பதை நினைவிற் கொண்டால் முதல் விளக்கமே சொல்லின் வரலாற்றோடு இயைகிறது. யூதர், கிறித்தவர், நெருப்பை வணங்குவோர் ஆகிய எவர் ஸலாம் கூறினும் விடை கூறுக என 4:86-ஆம் வசனத்தை எடுத்துக்காட்டி இப்னு அப்பாஸ் மொழிந்ததாக வரும் செய்தியும் இதற்கு அரண்.

நபிமொழித் தொகுப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டில் நூல்வடிவம் பெற்றவை. அவற்றிற்கு முற்பட்ட ஆவணங்கள் எகிப்தில் கிடைத்துள்ளன. உமையா ஆட்சியின் எகிப்திய ஆளுநர் குர்ரா இப்னு ஷரீக் (பதவிக்காலம் 709–714), அஃப்ரோதிதோ என்னும் ஊரின் கிறித்தவ நிர்வாகி பசிலியோஸுக்கு விடுத்த பாப்பிரஸ் மடல்கள் அவை. வரி நிலுவையை விரைந்து அனுப்புமாறு கண்டிப்புடன் பணிக்கும் அரசுக் கடிதங்களே அவற்றுள் மிகுதி. முஸ்லிம்கள் தமக்குள் எழுதிய மடல்கள் ‘உம்மீது ஸலாம்’ என்றே தொடங்க, குர்ராவின் மடல்களில் தொடக்க ஸலாம் இல்லை. நேர்வழியைப் பின்பற்றுவோருக்கு ஸலாம் உரியதாகுக என்னும் வாய்பாடு இறுதியில் மட்டும் வருகிறது. மூஸா நபி ஃபிர்அவ்னிடம் கூறுமாறு பணிக்கப்பட்டதாகக் குர்ஆன் (20:47) கூறும் தொடர் அது. பைசாந்தியப் பேரரசர் ஹிராக்ளியஸுக்கு நபிகளார் விடுத்த மடலிலும் அதுவே இடம்பெற்றதாக மரபு கூறும். வாய்பாடு நுட்பமானது. முகமனை மறுக்கவுமில்லை, பெறுபவருக்கே உரித்தாக்கவுமில்லை. தாம் நேர்வழியில் இருப்பதாகக் கருதும் பசிலியோஸ் அதனைத் தமக்குரியதாகவே படித்திருக்கலாம். கஸ்ர் இப்ரீமில் கண்டெடுக்கப்பட்ட மடலிலும் இப்போக்கு உள்ளது. எகிப்திய ஆளுநர் மூஸா இப்னு கஅப் 758-இல் நூபியாவின் கிறித்தவ அரசருக்கு, உடன்படிக்கையைப் பேணாமை குறித்து எழுதிய அம்மடல், இறைவனின் நேசர்க்கும் அவனுக்குக் கீழ்ப்படிவோர்க்கும் ஸலாம் எனத் தொடங்குகிறது.

அவையில் ஸலாம்

ஆட்சி வளர வளர இம்முகமன் மற்றொரு சோதனையைச் சந்தித்தது. ஒருவருக்கொருவர் திருப்பிக் கூற வேண்டிய சொல் அரசர்முன் எவ்வாறு நிற்கும்? யமனைச் சார்ந்த துறவி அபூமுஸ்லிம் அல்கவ்லானி, கலீஃபா முஆவியாவின் அவையில் நுழைந்து ‘கூலியாளே, உம்மீது ஸலாம்’ என்றாராம். அவையினர் ‘தலைவரே’ என விளிக்குமாறு திருத்தியும் அவர் மாற்றவில்லை. மந்தைக்கு உரியவன் அதனை மேய்க்க அமர்த்திய கூலியாளே ஆட்சியாளர் என அவர் விளக்கியதாக மரபுச் செய்தி கூறுகிறது.

எல்லாரும் அபூமுஸ்லிமாக இருக்க இயலவில்லை. அக்பரின் அவை முறைகளை ‘ஆயினே அக்பரி’யில் விவரிக்கும் அபுல் ஃபஸல் (இறப்பு 1602), ‘கோர்னிஷ்’, ‘தஸ்லீம்’ என இருவகை வணக்கங்களைக் குறிப்பிடுகிறார். வலக்கையின் புறத்தைத் தரையில் வைத்து, மெல்ல உயர்த்தி, நிமிர்ந்து நின்றபின் உள்ளங்கையை உச்சந்தலையில் வைப்பது தஸ்லீம். ஸலாம் கூறுதல் என்பதற்கான அரபுச் சொல்லே ‘தஸ்லீம்’. தொழுகையை நிறைவு செய்யும் ஸலாத்திற்கும் அதுவே பெயர். இங்கோ சொல் மறைந்து சைகை எஞ்சியுள்ளது. பேரரசர் தஸ்லீம் செய்து விடையளிப்பதில்லை.

தமிழில் இவ்விரு மரபுகளும் தனித்தனி வினைகளைப் பெற்று நிலைத்துள்ளன. தமிழ் முஸ்லிம்கள் ‘ஸலாம் சொல்வர்’. தொலைவில் உள்ளோர்க்கு ‘ஸலாம் சொல்லி அனுப்புவர்’. ‘பதில் ஸலாம்’ என்னும் தொடரும் அவர்களிடையே உண்டு. பொதுவழக்கிலோ ‘சலாம் போடுதல்’, ‘சலாம் அடித்தல்’ என்பன மேலோர்முன் கைதூக்கிப் பணிவதைக் குறிக்கின்றன. ஏளனக் குறிப்பும் அவற்றில் கலந்துள்ளது. முன்னதைக் கேட்டவர் விடை கூறாதொழிந்தால் கடமை தவறியவராவார். பின்னதற்கு விடை கூறுவோர் இல்லை. அதற்கென ஒரு சொல்லும் தமிழில் உருவாகவில்லை.